ஜீப்பின் பின்னால் கூடுதல் சீட்: போல்ட் தாங்கும், தகடு தாங்குமா?

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ நுவரெலியாவிலோ எந்தக் கராஜில் கேட்டாலும் ஜீப்புக்குப் பின்னால் சீட் போட்டுக் கொடுப்பார்கள். காலையில் விட்டால் பின்னேரம் எடுக்கலாம். வேலை முடிந்ததும் மெக்கானிக் பாஸ் சீட்டின் சாய்வைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டிக் காட்டுவார். அசையாது. "யானை இழுத்தாலும் வராது" என்பார். வந்தவரும் ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுப்பார்.

அப்படி ஆட்டும்போது ஒரு ஆள் கொடுக்கக்கூடிய இழுவை மிஞ்சிப் போனால் ஐம்பது, அறுபது கிலோ. வண்டி எதிலாவது மோதினால் அதே சீட்டுக்கு வருவது டன் கணக்கில். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. மெத்தை எப்படி, ரெக்சின் என்ன விலை, எத்தனை பேர் உட்காரலாம் என்றெல்லாம் பேசுகிறோம். கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை: வண்டி சட்டென்று நின்றால், சீட்டில் இருப்பவரின் பாரம் எந்த வழியாகப் போய் எதில் சேருகிறது? உடம்பிலிருந்து பெல்ட், பெல்ட்டிலிருந்து போல்ட், போல்ட்டிலிருந்து தரைத்தகடு, அங்கிருந்து வண்டியின் அடிச்சட்டமான சேசி என்று போகும் இந்த வழியைப் பாரப்பாதை என்று சொல்வோம். இந்தப் பாதையில் எந்தக் கண்ணி பலவீனமோ அங்கேதான் சீட் கழன்று வரும்.

எப்படியெல்லாம் போடுகிறார்கள்

மலையகத்தில் மூன்று விதம் வழக்கம். பழைய லேண்ட் ரோவர், மிட்சுபிஷி ஜீப் போன்றவற்றில் பின் சில்லுப் பெட்டிகளின் மேல் நீளவாக்கில் இரண்டு பெஞ்ச் போட்டு, ஆட்களை எதிரும் புதிருமாக உட்கார வைப்பது ஒன்று. சாமான் வைக்கும் இடத்தில் முன்பக்கம் பார்த்த இன்னொரு வரிசை சீட் போடுவது இரண்டாவது. இரட்டை வரிசைப் பிக்கப்பான டபுள் கெப்பின் பின் தட்டில் ஹூட் கட்டி, பெட்டிக் குழாயில் பெஞ்ச் அடித்து வைப்பது மூன்றாவது. எல்ல, லிப்டன் சீட் (மலைக்காட்சி பார்க்கும் இடம்) பக்கம் உல்லாசப் பயணிகளை ஏற்றும் வண்டிகள் சிலவற்றில் இந்த மூன்றாவது விதம்தான், அதுவும் படிபோல உயர்த்தி.

கம்பனியிலேயே பின் சீட்டுடன் வந்த வண்டிக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. பிறகு போடுவதைப் பற்றித்தான் பேச்சு.

"நாங்கள் முப்பதில்தானே போகிறோம்"

மலைப்பாதையில் வேகம் குறைவு என்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு பயமில்லை என்று முடிவுகட்டுவதுதான் தவறு. வேகம் எவ்வளவு என்பதோடு, அந்த வேகம் எத்தனை தூரத்துக்குள் பூச்சியமாகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிரேக் பிடித்து 30 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்த ஐந்தாறு மீற்றராவது ஓடும். அதே வேகத்தில் மண்மேட்டிலோ எதிரே வரும் லொறியிலோ மோதினால், வண்டியின் மூக்கு நசுங்கும் தூரம் மட்டுமே கிடைக்கும். அரை மீற்றர் என்று வைப்போம். 30 கி.மீ. என்பது செக்கனுக்கு 8.3 மீற்றர். அதை அரை மீற்றருக்குள் நிறுத்தினால் உடம்புக்கு வரும் இழுவை புவியீர்ப்பைப் போல ஏழு மடங்கு. இந்த மடங்கைத்தான் பொறியியலாளர்கள் 'ஜி' என்கிறார்கள். ஏழு ஜி என்றால், 60 கிலோ ஆள் அந்தக் கணத்தில் முன்பக்கமாக 420 கிலோ பாரத்தோடு தள்ளுகிறார் என்று அர்த்தம்.

50 கி.மீ. வேகத்தில் போய் 0.7 மீற்றருக்குள் நின்றால் 14 ஜி. அதே ஆள் 840 கிலோ. மடியில் வைத்திருக்கும் 15 கிலோப் பிள்ளை 210 கிலோ. எந்தத் தாயின் கைக்கும் அந்தப் பலம் கிடையாது. இவை சராசரிக் கணக்குகள்தான். மோதலின் நடுவில் ஒரு கணம் இதைவிடக் கூடவே ஏறும். அதனால்தான் ஐக்கிய நாடுகளின் 17ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதி, சீட்டும் அதன் பிடிப்பும் 20 ஜி வரை தாங்க வேண்டும் என்கிறது. பெல்ட் பிடிக்கும் இடங்களுக்கு 14ஆம் இலக்க ஒழுங்குவிதி இருக்கிறது. காரின் ஒவ்வொரு சீட்டுக்கும் தோள்பட்டியையும் இடுப்புப்பட்டியையும் ஒரே நேரத்தில் தலா ஏறக்குறைய 1,375 கிலோ விசையில் இழுத்துப் பார்ப்பார்கள். பிடிக்கும் இடம் வளையலாம், ஓரளவு கிழியக்கூடச் செய்யலாம். பிடியை மட்டும் விடக்கூடாது.

கம்பனி சீட் இந்தச் சோதனை எல்லாம் முடிந்து வருகிறது. கராஜ் சீட்டுக்கு நடந்த சோதனை அந்த இரண்டு ஆட்டு மட்டுமே.

போல்ட் இருக்கும், தரை போய்விடும்

விபத்தில் சீட் முன்னோக்கி வழுக்கிப் போகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. சீட் கவிழப் பார்க்கும். முன்கால்கள் தரையை அழுத்தும், பின்கால்கள் மேலே கிளம்பும்.

ஒரு தனிச் சீட்டை எடுத்துக்கொள்வோம். பெல்ட் சீட்டிலேயே பொருத்தியது. ஆள் 60 கிலோ, சீட் 15 கிலோ. 14 ஜி என்றால் முன்னோக்கிய இழுவை 1,050 கிலோ. அது தரையிலிருந்து அரை மீற்றர் உயரத்தில் செயற்படுகிறது. முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் இடையே 35 சென்ரிமீற்றர். நெம்புகோல் கணக்குப்படி பின் போல்ட் இரண்டையும் மேலே இழுக்கும் விசை 1,500 கிலோ. ஒன்றுக்கு 750 கிலோ.

இனி போல்ட்டைப் பார்ப்போம். 8 மி.மீ. தடிப்புள்ள மிகச் சாதாரண போல்ட்கூட உடைய ஏறக்குறைய 1,400 கிலோ வேண்டும். ஆக போல்ட் தாங்கும். "பெரிய போல்ட் போட்டிருக்கிறேன்" என்று பாஸ் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தப் போல்ட் பிடித்திருப்பது ஒரு மில்லிமீற்றர் அளவிலான தகட்டை, அதுவும் ஒரு சின்ன வாஷரை வைத்து.

இதைப் புரிந்துகொள்ள லயத்துக் கூரையைப் பார்த்தால் போதும். ஆடி மாதக் காற்றில் தகரம் பறந்த பிறகு மேலே ஏறிப் பார்த்தால், ஆணி மரத்தில் அப்படியே நிற்கும். தகரம் மட்டும் ஆணித் தலையைச் சுற்றிக் கிழிந்து, ஓட்டை பெரிதாகி, கழன்று போயிருக்கும். அதனால்தான் கூரை ஆணிக்கு அகன்ற தொப்பி வாஷர் போடுகிறோம். விசையைத் தாங்குவது ஆணியின் தடிப்பைவிட, தகரத்தை அது பிடிக்கும் பரப்பு. ஜீப்பின் தரையும் இதே தகரக் கதைதான். போல்ட் தலை தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். சீட்டும் ஆளும் பெல்ட்டும் எல்லாம் சேர்ந்து முன்னால் பறக்கும். பெல்ட் கட்டியிருந்தும் பிரயோசனமில்லை.

தகடு துருப்பிடித்திருந்தால் இன்னும் மோசம். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஓடும் வண்டிகளின் கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். நாட்டிலேயே அதிகம் மழை கொட்டும் இடங்கள் அவை. கார்பெட்டுக்கு அடியில் ஈரம் காய்வதே இல்லை. ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் தரையைத் தட்டிப் பார்க்கலாம். நல்ல தகடு 'டங்' என்னும், துருப்பிடித்தது 'தொப்' என்னும். சந்தேகமான இடத்தில் முனையால் குத்தினால் உள்ளே இறங்கும். இறங்கினால் அங்கே சீட் பேச்சே வேண்டாம், முதலில் டிங்கரிங்.

லேண்ட் ரோவர்க்காரர்கள் இதில் நிம்மதியாக இருக்க முடியாது. பழைய டிஃபெண்டரின் பின்பக்கத் தொட்டி அலுமினியம். இரும்பைப் போல் சிவந்து துருப்பிடிக்காது. ஆனால் இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிபடும். போல்ட்டைச் சுற்றி வெள்ளைத் தூள் கிளம்பியிருந்தால் அதுதான் அடையாளம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: குறைந்த வேகத்திலும் சீட்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ இழுவை வரும், அது பின்கால்களை மேலே கிளப்பும், போல்ட்டுக்கு முன்பே தரை விட்டுக்கொடுக்கும்.

பெல்ட் எங்கே பிடிக்கிறது

பெல்ட் சீட்டின் சட்டத்திலேயே பொருத்தப்பட்டால் ஆளின் முழுப் பாரமும் சீட்டின் கால்கள் வழியாகத் தரைக்குப் போகும். மூன்று பேர் உட்காரும் 30 கிலோ பெஞ்ச் என்றால் 14 ஜியில் அது மூன்று டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, நாலு கால் வழியாக. பெல்ட்டைத் தனியாக வண்டியின் உடலில் பொருத்தினால் கால்களுக்குப் பெரும்பாலும் பெஞ்சின் சொந்தப் பாரம்தான் வரும். ஆகவே கராஜில் வளைத்து அடித்த பெஞ்சில் பெல்ட்டை வெல்ட் பிடித்து விடுவதைவிட, பெல்ட்டைத் தரையிலும் தூணிலும் பிடிக்க வைப்பது எவ்வளவோ மேல்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஜீப்பின் உடல் ரப்பர் தாங்கிகளின் மேல் சேசியில் உட்கார்ந்திருக்கிறது. பெரிய மோதலில் உடல் சேசியின் மேல் சில சென்ரிமீற்றர் நகரலாம். சீட் உடலிலும் பெல்ட் சேசியிலும் இருந்தால், உடல் நகரும் அளவுக்குப் பெல்ட் ஆளை நெரிக்கும் அல்லது தளரும். இரண்டும் உடலிலேயே, அல்லது இரண்டும் சேசியிலேயே இருக்க வேண்டும்.

கோணமும் முக்கியம். இடுப்புப்பட்டி இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். அதன் கீழ்ப்பிடி சீட்டுக்குப் பின்னால் வெகு தூரத்தில் இருந்தால், பட்டி ஏறக்குறையப் படுத்த நிலையில் வரும். மோதலில் ஆள் அதன் கீழே வழுக்கி, பட்டி வயிற்றுக்கு ஏறிவிடும். எலும்பு தாங்க வேண்டிய பாரத்தைக் குடல் தாங்குகிறது. பின் சீட்டுக்கு இந்தக் கோணம் கிடையிலிருந்து 30 முதல் 80 பாகைக்குள் இருக்கலாம் என்பது விதி. 45 முதல் 60 வரை வைத்தால் நல்லது. ஒரு நூலை இடுப்பில் பிடித்து, போல்ட் வரும் இடம்வரை இழுத்துப் பார்த்தாலே கோணம் தெரிந்துவிடும். துளை போடுவதற்கு முன் செய்ய வேண்டிய இரண்டு நிமிட வேலை.

தோள்பட்டியின் மேல்பிடி தோள் உயரத்திலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ஹூட் ஜீப்பில் தூணே இல்லையே என்று, பட்டியைச் சீட்டுக்குப் பின்னால் தரையில் போல்ட் அடித்துச் சாய்வுக்கு மேலால் கொண்டுவருகிறார்கள். இது செய்யவே கூடாத வேலை. மோதலில் அந்தப் பட்டி தோளைக் கீழ்நோக்கி இழுக்கும், முதுகெலும்பு நசுங்கும். தூண் இல்லாத வண்டிக்குத் தொட்டியோடு சரியாகப் பொருத்திய வளையக் குழாய் வேண்டும். அது முடியாவிட்டால் இடுப்புப்பட்டி மட்டும் போடுவதே குறைந்த தீமை.

எதிரும் புதிருமான பெஞ்ச்

பலருக்குப் பிடிக்காத விஷயம் இது: சில்லுப் பெட்டி மேல் போட்ட பெஞ்சுக்கு எவ்வளவு நல்ல போல்ட் போட்டாலும் அது பாதுகாப்பான சீட் ஆகாது.

மனித உடம்பு முன்னோக்கிய இழுவையை நெஞ்சாலும் இடுப்பாலும் ஓரளவு தாங்கும். பக்கவாட்டு இழுவைக்கு அது செய்யப்படவில்லை. வண்டி முன்னால் மோதும்போது பக்கம் பார்த்து உட்கார்ந்தவர் தோள்பக்கமாகச் சரிகிறார். இடுப்புப்பட்டி இடுப்பை மட்டும் பிடிக்கும். மேலுடம்பும் தலையும் அடுத்தவர் மேல் போகும். வரிசையில் டிரைவருக்குப் பின்னால் இருப்பவர் மேல் மற்ற எல்லாரும் விழுவார்கள். பெல்ட் இல்லாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் கொண்டுவந்த 39ஆம் இலக்க நெறிமுறையில் புதிய கார்களிலும் சிறு சரக்கு வாகனங்களிலும் பக்கம் பார்த்த சீட்டுகளைத் தடைசெய்தது. லேண்ட் ரோவரும் 2007 டிஃபெண்டரில் அந்தப் பெஞ்சுகளைக் கைவிட்டு முன்பக்கம் பார்த்த சீட்டுகளுக்கு மாறியது. எதிரெதிர்ப் பெஞ்சுக்குப் பேர்போன வண்டியே விட்டுவிட்டது. நாம் இங்கே புதிதாக அடித்துக்கொண்டிருக்கிறோம்.

கம்பனியே பெஞ்ச் போட்டு அனுப்பிய பழைய வண்டி கையில் இருந்தால்? இடுப்புப்பட்டி போட்டு, பெரியவர்களை மட்டும் ஏற்றி, தோட்டப் பாதையில் மெதுவாக ஓடலாம். பிள்ளைகளை அதில் ஏற்ற வேண்டாம். பிள்ளைகளுக்கான இருக்கையை அந்தப் பெஞ்சில் பொருத்தவே முடியாது. பள்ளிக்கூடப் பயணம் என்றால் முன்பக்கம் பார்த்த, கம்பனி போட்ட சீட்டில்தான் சின்னவர்கள் இருக்க வேண்டும்.

ஆள் ஏறினால் வண்டியே மாறும்

சீட் கழன்று வராவிட்டாலும் பிரச்சினை முடியவில்லை. பின் அச்சுக்கு அரை மீற்றர் பின்னால் நாலு பேர் உட்கார்ந்தால் 260 கிலோ. அச்சுகளுக்கு இடைத்தூரம் 2.4 மீற்றர் என்றால் பின் அச்சின் பாரம் 314 கிலோ கூடும். முன் அச்சின் பாரம் 54 கிலோ குறையும். ஏற்றத்தில் ஸ்டியரிங் லேசாகிறது, மழையில் முன்சில்லு வளைவைப் பிடிக்காமல் நேரே போகப் பார்க்கிறது என்று சாரதிகள் சொல்வது இதைத்தான்.

லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு தகடு கூட்டினால் சரியாகிவிடும் என்பது இங்கே பரவலான நம்பிக்கை. தகடு கூட்டினால் பின்பக்கம் தாழாது, அவ்வளவுதான். வண்டிக்கு அனுமதித்த மொத்த நிறை அதனால் உயர்ந்துவிடாது. அச்சும் டயரும் பிரேக்கும் பழையவைதான்.

இறக்கத்தில் பிரேக் படும் பாட்டையும் கணக்குப் பார்க்கலாம். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரம் குறைகிறது. அந்த 260 கிலோவை மட்டும் அவ்வளவு இறக்கிக் கொண்டுவரும்போது வெளிப்படும் சக்தி ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். வண்டியின் சொந்தப் பாரத்துக்கு மேல், ஒரு ஆயிரம் வாட் ஹீட்டரை ஒரு மணித்தியாலம் போட்ட வெப்பம் பிரேக்குக்குக் கூடுதலாகப் போகிறது. இரண்டாம் கியரில் விட்டு எஞ்சினைப் பிடிக்க வைத்தால் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். மூன்றில், நாலில் விட்டுப் பிரேக்கிலேயே இறங்கினால் பாதி வழியில் பெடல் பஞ்சாகும்.

பாரம் கூடும் உயரமும் முக்கியம். 1,500 கிலோ வண்டியின் ஈர்ப்பு மையம், அதாவது முழுப் பாரமும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, தரையிலிருந்து 70 சென்ரிமீற்றரில் இருக்கிறது என்று வைப்போம். அதில் 260 கிலோவை 110 சென்ரிமீற்றர் உயரத்தில் ஏற்றினால் மையம் ஆறு சென்ரிமீற்றர் மேலே போகும். கடதாசியில் வண்டி கவிழும் கோணம் 46 பாகையிலிருந்து 44க்கு இறங்கும். அற்பமாகத் தெரியலாம். ஆனால் பள்ளப் பக்கம் ஒரு சில்லு இறங்கியதும் ஸ்பிரிங் அமுங்கி, பெல்ட் போடாத நாலு பேரும் பள்ளப் பக்கமே சரியும்போது அந்த இரண்டு பாகை எங்கேயோ போய்விடும். எல்லப் பக்கம் வண்டிகளில் படம் எடுக்க எழுந்து நிற்பது அதற்கும் மேலே.

சுருக்கமாக: பின் சீட் பிடிப்பை மட்டும் பார்த்தால் போதாது, அதில் ஏறும் பாரம் ஸ்டியரிங், பிரேக், சரிவு மூன்றையும் மாற்றும்.

போடுவதென்றால் இப்படி

முதலில் வண்டியின் தரையைப் பாருங்கள். ஒரே மாதிரி வண்டி பல சீட் எண்ணிக்கையில் வருவதுண்டு. அப்படிப்பட்டவற்றில் கூடுதல் வரிசைக்கான நட் தரையிலேயே வெல்ட் பிடித்து, ரப்பர் மூடி போட்டு விடப்பட்டிருக்கலாம். கார்பெட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். இருந்தால் அதே மாதிரி வண்டியின் கம்பனி சீட்டையும் பெல்ட்டையும் தேடி வாங்கிப் போடுவதைப் போல் சிறந்தது வேறில்லை. கூடுதல் செலவு என்று யோசிப்பவர்கள், அந்த நட்டுகள் சோதனைக்குட்பட்ட பாரப்பாதை என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இல்லாவிட்டால் தரையைப் பலப்படுத்த வேண்டும். பந்தய வண்டிகளுக்குச் சர்வதேச மோட்டார் அமைப்பான எஃப்.ஐ.ஏ. வைத்திருக்கும் விதி நல்ல அளவுகோல்: ஒரு சீட்டுக்குக் குறைந்தது நாலு பிடிகள், ஒவ்வொன்றுக்கும் 8 மி.மீ. போல்ட் அல்லது அதற்கு மேல், தரைக்கு அடியில் பின்தகடு. பின்தகடு என்பது கூரை ஆணியின் தொப்பி வாஷர் செய்யும் வேலையைத் தரைக்குச் செய்யும் இரும்புத் துண்டு. அதன் பரப்பு ஒவ்வொரு பிடிக்கும் 40 சதுர சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது, தடிப்பு 3 மி.மீ.க்குக் குறையக்கூடாது. ஆறரை சென்ரிமீற்றர் சதுரம் என்றால் அந்த அளவு வந்துவிடும். நமது வண்டிகளின் வயதுக்கு 8 சென்ரிமீற்றர் சதுரத்தில் 4 மி.மீ. தகடு வெட்டச் சொல்லுங்கள். அலுமினியத் தரைக்கு 10 சென்ரிமீற்றர். மூலைகளை அரத்தால் உருட்ட வேண்டும். கூரான மூலை தரையைக் கத்திபோல வெட்டும், பின்தகடு போட்டதன் பலனே போய்விடும்.

முடிந்தவரை பின்தகடு தரையின் குறுக்குச் சட்டத்தின் மேல் வரட்டும். பெட்டிக் குழாய்க்குள் போல்ட் கடத்தினால் உள்ளே ஒரு குழாய்த் துண்டை இடைவைத்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய்ச் சுவர் நசுங்கி, இன்றைக்கு இறுக்கிய போல்ட் அடுத்த மாதம் தளர்ந்திருக்கும்.

போல்ட் தலையில் 8.8 அல்லது அதற்கு மேற்பட்ட எண் பொறித்திருக்க வேண்டும். எண்ணே இல்லாத போல்ட் கேட் போடுவதற்குச் சரி. நட் நைலோன் வளையம் உள்ளதாக இருக்கட்டும். பெல்ட்டின் போல்ட் தனி வகை. ஏறக்குறைய எல்லா நாட்டு வண்டிகளிலும் பதினாறில் ஏழு அங்குலம், அங்குலத்துக்கு இருபது புரி. இதன் துளைக்குள் 12 மி.மீ. போல்ட்டைத் திணிப்பதைக் காணலாம். முதல் இரண்டு சுற்று போகும், பிறகு புரி கிழியும். வெளியிலிருந்து பார்த்தால் இறுகியதுபோலவே இருக்கும்.

வெல்டிங் விஷயத்தில் எங்கள் அபிப்பிராயம் பிடிவாதமானது: சீட் காலை நேராகத் தரைத்தகட்டில் வெல்ட் பிடிக்க வேண்டாம். வெல்டுக்குப் பக்கத்தில் சூடேறிய மெல்லிய தகடு பலமிழக்கும், பூச்சு எரிந்து அங்கிருந்தே துரு தொடங்கும். பெல்ட் போல்ட்டையும் கொக்கியையும் வெல்ட் பிடிப்பது அதைவிட மோசம். அவை பதம் போட்ட இரும்பு, சூடேறினால் பதம் போய்விடும். வேறு வழியின்றி ஏதாவது வெல்ட் பிடித்தால், முதலில் பெற்றோல் தாங்கியும் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள், பேட்டரி வயரைக் கழற்றுங்கள். துளை போடும்போதும் இதே கவனம் வேண்டும். பல ஜீப்புகளில் தாங்கி பின் தரைக்கு நேர் கீழே இருக்கிறது.

துளை விளிம்புக்குத் துருத் தடுப்புப் பூச்சு, பின்தகட்டைச் சுற்றிச் சீலன்ட். அலுமினியத் தரையென்றால் இரும்புக்கும் அதற்கும் இடையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளோ தடித்த பூச்சோ வேண்டும். தடித்த ரப்பர் வைக்காதீர்கள். அமுங்கி, போல்ட் தளரும். ஐந்நூறு கி.மீ. ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் மறுபடி பிடித்துப் பாருங்கள்.

பழைய பெல்ட் வாங்குபவருக்கு

கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனால் பெல்ட் குவியலாகக் கிடக்கும். முழுப் பட்டியையும் இழுத்துப் பாருங்கள். ஓரம் நூல் விட்டிருந்தாலோ, கொக்கி ஓடும் இடத்தில் பட்டி உருகிப் பளபளத்திருந்தாலோ அது விபத்தில் ஒருமுறை பாரம் தாங்கிய பெல்ட். நார் நீண்டுவிட்டது; திரும்ப வேலைக்கு உதவாது. உருளைப் பெட்டியோடு வயரும் சிறு உலோகக் குழாயும் வந்தால் அதற்குள் வெடிமருந்து இருக்கும். மோதலில் பட்டியை இறுக்குவதற்கு வைத்தது. அதைத் திறக்கவோ தட்டவோ வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

சுருளும் பெல்ட்டின் பெட்டிக்குள் ஒரு சிறு குண்டு அல்லது ஊசல் இருக்கிறது. வண்டி சட்டென நின்றாலோ சரிந்தாலோ அது நகர்ந்து பல்லைப் பூட்டும். அதனால் பெட்டியை எந்தக் கோணத்துக்குச் செய்தார்களோ அதே கோணத்தில் பொருத்த வேண்டும். தூணில் நிற்க வேண்டியதைத் தரையில் படுக்க வைத்தால், ஒன்று பட்டி வெளியே வராது, இல்லையேல் பூட்டவே மாட்டாது. கடையிலேயே பார்க்கலாம்: சரியான நிலையில் பிடித்து மெதுவாக இழுத்தால் வர வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் நிற்க வேண்டும், பெட்டியைச் சரித்துக்கொண்டு இழுத்தாலும் நிற்க வேண்டும்.

தோட்டப் பாதைச் செங்குத்தில் நிறுத்திய வண்டியில் பெல்ட் வராவிட்டால் பழுதென்று நினைத்து வெட்டிப் போட்டவர்கள் உண்டு. விதிப்படி 12 பாகை சரிவு வரை அது பூட்டக்கூடாது, 27 பாகையைத் தாண்டினால் பூட்டியே ஆக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எப்படியும் இருக்கலாம். சமதரைக்கு வந்ததும் வரும்.

பதிவும் காப்புறுதியும்

வாகனப் பதிவுச் சான்றிதழில் ஆசன எண்ணிக்கை குறிக்கப்பட்டிருக்கிறது. அதை மாற்றும் எந்த வேலைக்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி தேவை. சீட்டைப் போட்டுவிட்டு விண்ணப்பிப்பதைவிட, போடுவதற்கு முன் கேட்பது புத்தி. பதிவில் ஐந்து ஆசனம், விபத்தன்று வண்டியில் ஒன்பது பேர் என்றால் காப்புறுதிக் கம்பனி அந்தக் கணக்கைத்தான் முதலில் பார்க்கும். வாடகைக்கு ஓடுபவர்களுக்கு இது இரட்டிப்புத் தலைவலி.

கதவு

கடைசியாக, பெரும்பாலும் யாரும் பார்க்காத ஒன்று. சீட் போட்ட பிறகு உள்ளே ஏறி உட்கார்ந்து, வெளியிலிருந்து பின்கதவைச் சாத்தச் சொல்லுங்கள். இனி உள்ளிருந்தே திறந்து இறங்குங்கள். சாமான் கதவாக இருந்ததால் பல ஜீப்புகளின் பின்கதவுக்கு உள்பக்கம் பிடியே இருக்காது; சிலவற்றில் சீட்டின் சாய்வு பிடியை மறைத்துவிடும். டபுள் கெப் தட்டுக் கதவு வெளியிலிருந்து மட்டுமே திறக்கும். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும்போது, புகையும் கிளம்பினால், பின்னால் இருப்பவர்களுக்கு முன்சீட்டுகளுக்கு மேலால் ஊர்ந்து வருவதைத் தவிர வழியில்லை. உள்பக்கப் பிடி ஒன்று போடுவது அரை நாள் வேலைகூட இல்லை. சீட் வேலையோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள். பழைய ஜீப் என்றால் பின்கதவின் கொண்டியையும் பாருங்கள். தேய்ந்த கொண்டி குலுக்கலில் தானாகத் திறக்கும், ஏற்றத்தில் திறந்தால் பின்னால் இருப்பவர் நேரே ரோட்டில்.